அமாவாசைக்கு ஊரில் ஆள் இருக்காது: ஜான்சிபார் கடற்கரைக் கிராமத்தில் ஆறு மாதம் தங்கப் போகிறவர்களுக்கு

தூத்துக்குடியில் முப்பத்துமூன்று வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2025 ஜனவரி கடைசியில் கிளம்பி, கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவைச் சேர்ந்த ஜான்சிபார் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் ஜம்பியானி என்ற ஊரில் ஆறு மாதம் தன்னார்வலராகக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததிலிருந்து பழைய மாணவர்களும் அவர்களுடைய சிநேகிதர்களும் மாறி மாறி ஃபோன் பண்ணுகிறார்கள். "டீச்சர், நானும் போகலாம்னு இருக்கேன். என்ன எடுத்துட்டுப் போகணும்? எப்படிச் சமாளிச்சீங்க?" ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் காகித வேலை. இது சுவாரஸ்யமில்லாதது, ஆனால் இதில் கோட்டைவிட்டால் மற்றது எதற்கும் இடமில்லை.

நான் முதலில் தொடர்பு கொண்ட ஒரு அமைப்பு, "டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றது. அன்றோடு அவர்களை விட்டுவிட்டேன். சம்பளம் வாங்கவில்லை என்றாலும் வேலை வேலைதான். தான்சானியாவில் தன்னார்வலர்களுக்கு என்று 'கிளாஸ் சி' என்ற தங்கும் அனுமதி இருக்கிறது. அதற்கு யார் விண்ணப்பிப்பார்கள், கட்டணம் யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள். நான் கொடுக்கும் பணம் எங்கே போகிறது? வகுப்பில் எந்த ஆசிரியர் பக்கத்தில் நான் நிற்பேன்? நான் போன மறுநாள் அந்த வகுப்பை யார் எடுப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், அந்த இடத்துக்குப் போகாமலிருப்பதே அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் உதவி. அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு வரலாம் என்று யாராவது கூப்பிட்டால், யோசிக்கவே வேண்டாம், மறுத்துவிடுங்கள்.

ஜான்சிபார் 1964இல் கடலுக்கு அக்கரையில் இருந்த தாங்கனிக்கா நாட்டோடு சேர்ந்துதான் தான்சானியா ஆனது என்றாலும், அதற்குத் தனி அரசாங்கம் உண்டு. அந்த அக்கரை நகரமான டார் எஸ் சலாமிலிருந்து படகில் போனால்கூடக் கரையில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து, வரும் வெளிநாட்டவர் எல்லாரும் தீவின் அரசு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். 44 டாலர், 92 நாள் செல்லும். வேறு எந்த இன்சூரன்ஸ் வைத்திருந்தாலும் இது தனி. அதற்கு மேல் தங்குகிறவர்கள் உங்களைக் கூப்பிடும் அமைப்பிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி: என் விமானம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக. அந்த நாடு மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப் போனால் பிரச்சினை இல்லை. ஆனால் விமானம் தாமதமாகி ஒரு ராத்திரி வெளியே ஹோட்டலில் தங்க நேர்ந்தால், ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலேயே சிக்கல். நான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டேன். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்த அட்டை செல்லும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் செல்லும். எனவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். மலேரியா மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டு கல்ஃப் ரிட்டர்ன் மாமாவிடம் வேண்டாம்.

பெட்டி கட்டும்போது

தான்சானியாவில் 2019 ஜூனிலிருந்து பிளாஸ்டிக் கேரி பை தடை. ஜான்சிபாரில் அதற்கும் பல வருஷம் முன்பே தடை. நான் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கருவாட்டுப்பொடி எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் கட்டி, அதை இன்னொரு பாலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மகன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் எவர்சில்வர் சம்படத்துக்கு மாற்றினோம். நீங்கள் ஆரம்பத்திலேயே சம்படத்தில் போடுங்கள். அங்கே போனபின் சம்படம் தனியாகவும் உதவும்.

பிளக் அங்கே பிரிட்டிஷ்காரன் வைத்துவிட்டுப் போன மூன்று தட்டைக் கால் பிளக். நம் உருண்டைப் பின் உள்ளே போகாது. அடாப்டர் இரண்டு வாங்குங்கள், ஒன்று தொலையும். கரண்ட் ப்ரீபெய்டு. கடையில் காசு கொடுத்தால் ஒரு நீள நம்பர் தருவார்கள், அதை மீட்டரில் அடிக்க வேண்டும். காசு தீர்ந்தது ராத்திரியில்தான் தெரியவரும் என்பதால் ஒரு டார்ச்.

உடை: இது முஸ்லிம் கிராமம். தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும், தலையை மூடு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. சுடிதார் சரியான உடை. நான் பழக்கத்தில் சேலை கட்டினேன், மரியாதையாகத்தான் பார்த்தார்கள். பீச் ஹோட்டல் பக்கம் சுற்றுலாக்காரர்கள் எப்படித் திரிந்தாலும், ஊருக்குள் நடக்கும்போது அது உங்களுக்கு உதாரணம் இல்லை.

பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி, கடலுக்குள் போட்டுக்கொண்டு நடக்க. ஏன் என்று பிறகு சொல்கிறேன். பேனா, சாக்லேட் மூட்டை எல்லாம் வேண்டாம். தெருவில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிற வெள்ளைக்காரர்களால், புது முகம் கண்டாலே கை நீட்டும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. அதை நாமும் வளர்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று: தினசரி காலண்டர். ஆமாம், மளிகைக் கடையில் ஓசியில் கொடுக்கிற அதே கிழிக்கிற காலண்டர். நான் ராகு காலம் பார்க்க எடுத்துப் போனேன். அது வேறு வேலைக்குப் பயன்பட்டது.

அங்கே மணி எத்தனை?

போன மூன்றாம் நாள் தலைமையாசிரியர், நாளை மீட்டிங், இரண்டு மணிக்கு என்று இங்கிலீஷில் சொன்னார். நான் மத்தியானம் சாப்பிட்டு, முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒன்றே முக்காலுக்கே போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் காலி. மீட்டிங் காலை எட்டு மணிக்கே நடந்து முடிந்துவிட்டது.

அங்கே பேசும் மொழி ஸ்வாஹிலி. அதில் நேரம் சூரியன் உதிப்பதிலிருந்து ஆரம்பம். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு 'ஸா மோஜா', அதாவது ஒரு மணி. எட்டு மணி 'ஸா ம்பிலி', இரண்டு மணி. ராத்திரிக்கும் இப்படியே, சாயங்காலம் ஏழு மறுபடி ஒரு மணி. இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு ஆறு டிகிரிதான் தெற்கே, வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கிறது. அதனால் இந்தக் கணக்கு பிசகாமல் ஓடுகிறது. நம் பாட்டன்மார் உதயாதி நாழிகை எண்ணியதும் இதே யோசனைதானே, நமக்கு இது புரியாமல் போக நியாயம் இல்லை.

சுலபமான வழி சொல்கிறேன்: கடிகாரத்தில் சின்ன முள் எங்கே நிற்கிறதோ அதற்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படியுங்கள். முள் ஏழில் நின்றால் எதிரே ஒன்று. முள் பத்தில் நின்றால் எதிரே நான்கு. யாராவது நேரம் சொன்னால், இங்கிலீஷில் சொன்னாலும் சரி, "ஸ்வாஹிலி நேரமா, இங்கிலீஷ் நேரமா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஃப்ளைட், படகு டிக்கெட் எல்லாம் நம் நேரம்தான், அதில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடல் போட்ட டைம்டேபிள்

நான் கடற்கரை ஊர்க்காரி. கடலைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்ற திமிரோடுதான் போனேன். எங்கள் தூத்துக்குடியில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. ஜான்சிபாரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. ஜம்பியானி கரை சரிவே இல்லாத தட்டை. எனவே விடியற்காலையில் வாசல் வரை அலையடித்த கடல், முற்பகலில் பவளப்பாறை விளிம்பு வரைக்கும் பின்வாங்கிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வெள்ளை மணல், அங்கங்கே குட்டை, சாய்ந்து கிடக்கும் ங்கலாவா படகுகள். இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரிக் கட்டை கட்டிய படகுக்குத்தான் அந்தப் பெயர். முதல் நாள் பார்த்தபோது, சுனாமியைப் பார்த்த ஊர்க்காரி இல்லையா, வயிற்றைக் கலக்கியது. ஓடப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அந்த வெறும் மணலில்தான் ஊர்ப் பெண்களின் வயல் இருக்கிறது. 'ம்வானி', கடல்பாசி. 1989இல் இந்த ஜம்பியானியிலும் பக்கத்து ஊர் பாஜேயிலும்தான் தீவில் முதலில் வியாபாரத்துக்குப் பாசி வளர்க்க ஆரம்பித்தார்கள். மண்டபம் பக்கம் நம் பெண்கள் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்களே, அதே இனத்துப் பாசியும் அதன் பங்காளியும். பற்பசையையும் ஐஸ்கிரீமையும் கெட்டியாக்கும் சரக்கு இதிலிருந்து எடுப்பது. அங்கே மிதவை இல்லை. மணலில் வரிசையாகக் குச்சி அடித்து, குச்சிக்குக் குச்சி கயிறு இழுத்து, அந்தக் கயிற்றில் சின்னச் சின்ன நூலால் பாசித் துணுக்கை முடிந்துவிடுகிறார்கள். ஆறு வாரத்தில் கை நிறையப் புதர் மாதிரி ஆகும். கடல் வெகுவாக வற்றும் நாட்களில்தான் குச்சிவரை நடந்து போய் வேலை செய்ய முடியும். அப்படிப்பட்ட நாட்களுக்கு 'பம்வுவா' என்று பெயர். நடுவில் அஷ்டமி, நவமியை ஒட்டி நீர் ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நிற்கும், அது 'மாஜி மாஃபு', செத்த தண்ணீர். சொல்லும்போதே அழகாக இல்லை?

இது தெரியாமல் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். பெற்றோர் கூட்டம் வைக்கலாம் என்று நான்தான் தலைமையாசிரியரை நச்சரித்தேன். வியாழக்கிழமை, முற்பகல் பத்து மணி. நாள் பிப்ரவரி 27. வந்தவர்கள் இரண்டு தாத்தாக்கள், அதில் ஒருவர் யாருக்கும் தாத்தா இல்லை, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர். எனக்குக் கோபம். இந்த அம்மாக்களுக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறையே இல்லை என்று மனசுக்குள் தீர்ப்பெழுதிவிட்டேன். மறுநாள் வகுப்பில் ஒரு பெண், டீச்சர், எங்கம்மா ம்வானிக்குப் போயிருந்தாங்க, நேத்து பம்வுவா இல்லையா என்றாள். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். மாசி அமாவாசை.

தலைமையாசிரியருக்குத் தெரியாதா? தெரியும். வெளியூர் விருந்தாளி ஆசைப்படுகிறாள், முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது என்று இருந்துவிட்டார். இதை நன்றாக மனசில் வையுங்கள்: நீங்கள் எதைச் சொன்னாலும் முதல் இரண்டு மாதம் அவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தச் 'சரி'யை நம்பி எதுவும் ஏற்பாடு செய்யாதீர்கள்.

அதன்பிறகு காலண்டர்தான் எனக்குத் துணை. அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறக்குறைய காலை பத்து மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் அடியோடு வற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசையிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணி ஐம்பதால் பெருக்கி, வரும் நிமிஷத்தைப் பத்து மணியோடு கூட்டினால் அன்றைய வற்றும் நேரம் தோராயமாக வந்துவிடும். பிள்ளைகளிடம் இதையே கணக்காகக் கொடுத்தேன். விடையை நான் திருத்துவதற்குள் அவர்கள் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தே சரி சொல்லிவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தை அஷ்டமிக்கு மாற்றினேன். நம் ஊரில் அஷ்டமியில் எதுவும் தொடங்க மாட்டோம், அங்கே எனக்கு அஷ்டமிதான் நல்ல நாள். உட்காரப் பெஞ்ச் பற்றவில்லை.

பம்வுவா அன்று நீங்களும் அவர்களோடு கடலுக்குள் போங்கள், கூப்பிடுவார்கள். படம் எடுக்க அல்ல, எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். ஷூ போட்டுக்கொள்ளுங்கள் என்றேன் அல்லவா, கறுப்பாக நீண்ட முள்ளோடு கடல் முள்ளெலி குட்டைக்குக் குட்டை உட்கார்ந்திருக்கும். நான் ரப்பர் செருப்போடு போய்க் குதிகாலில் ஏழு முள் வாங்கினேன். பப்பாளிக்காய்ப் பாலைத் தடவினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் போனேன். எது குணமாக்கியது என்று அந்த ஊர்ப் பெண்களோடு இன்னும் தகராறு.

வாசலில் நின்று என்ன சொல்வது

போன முதல் வாரம் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஊர் ஷேஹாவைப் போய்ப் பாருங்கள். நம் ஊர்த் தலைவர், வி.ஏ.ஓ. இருவரையும் ஒருவராக்கினால் எப்படியோ அப்படி. நீங்கள் யார், எந்த வீட்டில் தங்குகிறீர்கள், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

பிறகு வணக்கம். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமூ'. அவர்கள் 'மரஹபா' என்பார்கள். என் நரைமுடியைப் பார்த்துத் தெருவில் போகும் பிள்ளைகள் எல்லாம் எனக்கு ஷிகமூ சொன்னார்கள். நான் பதிலுக்கு ஷிகமூ சொல்லி, ஒரு வாரம் பிள்ளைகளுக்குச் சிரிப்புக் காட்டினேன். வயசானவர் 'மரஹபா' என்றுதான் சொல்ல வேண்டும், வாங்கிக்கொள்வது மாதிரி. அதன்பிறகு வீடு எப்படி, வேலை எப்படி, ராத்திரி தூக்கம் எப்படி என்று வரிசையாக நலம் விசாரிப்பு. எல்லாவற்றுக்கும் 'ந்ஸூரி', நல்லது. காய்ச்சலில் கிடந்தாலும் முதலில் 'ந்ஸூரி', அதற்குப் பிறகுதான் காய்ச்சல். இதைத் தாண்டாமல் நேரே விஷயத்துக்கு வந்தால் உங்களை முரட்டு ஆள் என்று நினைப்பார்கள். கடையில் தக்காளி வாங்குவதற்கும் இதே முறைதான்.

வீட்டு வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து 'கரிபு' என்று வந்தால் போகலாம். மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் திரும்பிவிடுங்கள், எட்டிப் பார்க்காதீர்கள்.

'போலே' என்ற சொல்லுக்குத் தமிழில் எனக்கு இன்னும் சரியான சொல் கிடைக்கவில்லை. நீங்கள் தடுக்கி விழுந்தால் போலே. காய்ச்சலா, போலே. மூட்டை தூக்கி வருகிறீர்களா, போலே. அவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, உங்கள் கஷ்டத்தைப் பார்த்தேன் என்கிறார்கள், அவ்வளவுதான். "நீங்க என்ன பண்ணீங்க, எதுக்கு ஸாரி?" என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். 'அசான்டே', நன்றி, என்றால் போதும்.

'பாடோ' என்றால் இன்னும் இல்லை. கல்யாணமாகாத பெண்கள் போனால் இந்தச் சொல் ரொம்ப உதவும். "கல்யாணம் ஆச்சா?" "பாடோ." 'இல்லை' என்று சொன்னால் பேச்சு நீளும்.

உறவுச் சொற்களில் நம் காது கொஞ்சம் தடுமாறும். மரியாதைக்குரிய பெண் எல்லாரும் 'மாமா', அதாவது அம்மா. அண்ணன் 'காகா'. அக்கா 'டாடா'. என்னை முதலில் 'ம்ஹிந்தி', இந்தியக்காரி, என்றார்கள். பிறகு 'ம்வலிமு', டீச்சர். கடைசி இரண்டு மாதம் 'பீபி', பாட்டி. ரிட்டயர்மென்ட் அன்றுகூட எனக்கு அவ்வளவு வயசாகவில்லை.

சாயங்காலம் ஆண்கள் வீட்டு முகப்பில் 'பராஸா'வில் உட்கார்ந்திருப்பார்கள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய திண்ணை, அசல் நம் திண்ணை. பெண்கள் கூடுமிடம் பின்கட்டு. ஆண் தன்னார்வலர்கள் முன்னே, பெண்கள் பின்னே என்று போய் உட்காருங்கள். பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கையில் ஏதாவது வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்த வேலை தேங்காய் துருவல். அதற்கு 'ம்புஸி' என்று ஒரு சாமான், ஆடு என்று அர்த்தம். மடக்கு முக்காலி மாதிரிச் சின்ன மரப்பலகை, முன்னால் நாக்கு நீட்டிய மாதிரிப் பல் வைத்த இரும்பு. அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்து, தேங்காய் மூடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்ற வேண்டும். எங்கள் வீட்டுத் துருவுபலகைக்கு ஒன்றுவிட்ட தங்கை. நான் உட்கார்ந்து, மூடியின் விளிம்பிலிருந்து ஆரம்பித்து, ஓட்டின் பழுப்பு ஒரு பொட்டுகூட விழாமல் வெள்ளை வெளேரென்று துருவி முடித்தேன். பின்கட்டில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு மூதாட்டி துருவலை விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு என்னமோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அதை ஓலையில் பின்னிய 'கிஃபும்பு'வில் போட்டுப் பிழிந்து முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி. சொல்லிக் கொடுக்க வந்தேன் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்ததில் கிடைக்காத இடம், அந்த ஒரு மூடியில் கிடைத்தது.

சாப்பாடு

பட்டினி கிடக்க மாட்டீர்கள். அந்த மொழியில் நெல்லுக்கு 'ம்புங்கா', அரிசிக்கு 'ம்ச்சேலே', சோற்றுக்கு 'வாலி'. மூன்றுக்கும் தனித்தனிச் சொல்! இங்கிலீஷ்காரன் மூன்றையும் ரைஸ் என்று முடித்துவிட்டான். தேங்காய் 'நாஸி', இளநீர் 'டாஃபு'. தேங்காய்ப் பாலில் சோறு, தேங்காய்ப் பாலில் கணவாயின் அண்ணன் பேய்க்கணவாய், காலையில் தேங்காய்ப் பாலில் வெந்த முழுத் துவரை, அதற்குத் தொட்டுக்கொள்ள மண்டாஸி என்ற பணியாரம் மாதிரி ஒன்று. தண்டுக்கீரை 'ம்ச்சிச்சா'. புளி 'உக்வாஜு' சந்தையில் கிடைக்கும், முருங்கை மரம் உண்டு. ஆக, ரசமும் சாம்பாரும் உங்கள் கையில். மக்காச்சோள மாவுக் களி 'உகாலி' மட்டும் உப்பில்லாமல் இருக்கும். நம் கம்பங்களி ஞாபகத்தில் வாயில் போட்டு ஏமாறாதீர்கள், குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்றால் மீன் வரும். இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். கிணற்று நீர் பவளப்பாறை மண்ணில் சற்று உப்புக் கரிக்கும். குளிக்க அது, குடிக்கக் கேன் தண்ணீர்.

நான் இருந்தபோது மார்ச் முழுக்க ரமலான். பகலில் தெருவில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், அறைக்குள் குடியுங்கள். சூரியன் மறைந்ததும் 'ஃபுடாரி'க்குக் கூப்பிடுவார்கள். கஞ்சி, தேங்காய்ப் பாலில் மரவள்ளி, சர்க்கரை போட்ட சேமியா. இந்தச் சேமியாவுக்கு அங்கே பெயர் என்ன தெரியுமா? 'தம்பி'. "கொஞ்சம் தம்பி போட்டுக்கோங்க" என்று கிண்ணத்தை நீட்டினால் எந்தத் தமிழச்சிக்குத்தான் சிரிப்பு வராது? ஏன் சிரிக்கிறேன் என்று விளக்க எனக்கு ஸ்வாஹிலி பற்றவில்லை.

பள்ளிக்கூடம்

சின்ன வகுப்பில் பாடம் ஸ்வாஹிலியில், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில். கணக்கு வராத பிள்ளை என்று நான் நினைத்த பாதிப் பேருக்குக் கணக்கு வரும், கேள்வியின் இங்கிலீஷ் வராது. எனவே நீங்கள் முதலில் ஒன்றிலிருந்து நூறு வரை ஸ்வாஹிலியில் படியுங்கள். பிறகு கூட்டு, கழி, எத்தனை, மீதி. இந்தச் சொற்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பாடப் புத்தகத்து ரயில் கணக்கை எடுத்தெறியுங்கள், அந்தத் தீவில் ரயிலே கிடையாது. ஒரு கயிற்றில் எத்தனை முடிச்சு, ஈரப் பாசி இத்தனை கிலோ, காய்ந்தபின் இத்தனை கிலோ, வியாபாரி கொடுக்கும் விலை சரியா என்று கேளுங்கள். ஒரு பையன் வீட்டுக்குப் போய் அம்மாவின் மூட்டைக்கு மறுகணக்குப் போட்டு, எடையில் வித்தியாசம் கண்டுபிடித்தான். அடுத்த வாரம் வகுப்புக்கு வெளியே நான்கு அம்மாக்கள் நின்று கேட்டார்கள்.

ஆசிரியரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் பாடம் நடத்தாதீர்கள். கூட நின்று, அவர் தொடங்க, நீங்கள் பயிற்சி கொடுங்கள். யாராவது வந்து பிள்ளைக்கு ஃபீஸ் கட்டக் காசு கேட்பார்கள், கஷ்டமாக இருக்கும். கையில் கொடுக்காமல் பள்ளி வழியாகக் கொடுத்தேன். அப்படியும் ஒரு குடும்பத்துக்கு என்மேல் வருத்தம்தான். அதற்கு வழி எனக்குத் தெரியவில்லை.

நகரத்துக்குப் போக டலாடலா, 309ஆம் நம்பர். பெஞ்ச் போட்ட குட்டி லாரி. சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பணம் நகரத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'காங்கா' துணி வாங்கினால் அதன் கரையில் ஒரு வாசகம் அச்சடித்திருக்கும், கடைக்காரரிடம் அர்த்தம் கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் நிறத்துக்கு மயங்கி ஒன்று வாங்கி மேலே போர்த்திப் போக, வீட்டுக்கார அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பொறாமைக்காரப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்கும் சூடாம் அது. அன்று நான் போகவிருந்தது பக்கத்து வீட்டுக்கு.

ஜூலையில் இருந்தால் தெற்கே மகுண்டுச்சியில் 'ம்வாகா கோக்வா' புத்தாண்டு பாருங்கள். ஆண்கள் வாழைத்தண்டால் ஒருவரை ஒருவர் சாத்திக்கொள்வார்கள், வருஷத்துச் சண்டையெல்லாம் அதோடு தீர்ந்ததாம். கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

திரும்பும்போது சங்கு, பவளம் எதையும் பெட்டியில் போடாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்குவார்கள். டிக்கெட் தேதியையும் காலண்டர் பார்த்துப் போடுங்கள். நான் இவ்வளவு கற்றுக்கொண்டும் அதில் மட்டும் கோட்டைவிட்டேன். ஜனவரியிலேயே போட்ட டிக்கெட், ஜூலை 24, ஆடி அமாவாசை. காலை பத்து மணிக்குப் பெட்டியோடு வாசலில் நிற்கிறேன், தெருவில் ஒரு கோழியைத் தவிர யாருமில்லை. பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேல் செருகி, கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொள்ளக் கடலுக்குள் நடந்தேன். டாக்ஸிக்காரர் கரையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கைகொடுக்க வந்தவர்கள் கையெல்லாம் பாசி. ஒருத்தி என் கையில் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்து, இந்த ஒன்றைக் கட்டிவிட்டுப் போ பீபி, என்றாள்.